வாசகர் கேள்வி: அமோனியாவும் நவச்சாரமும்

கேள்வி: அமோனியா என்ற பெயர் எகிப்தியக் கோயில் ஒன்றிலிருந்து வந்தது என்று பள்ளியில் சொன்னதாக என் மகள் கூறுகிறாள். இது உண்மைதானா? நம் நவச்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உண்மைதான்; ஆனால் கோயிலுக்கும் வாயுவுக்கும் நடுவே ஓர் உப்பு நிற்கிறது. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், சீவா என்ற சோலையில் அமோன் என்னும் தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. கி.மு. 331இல் அலெக்சாந்தர் குறி கேட்கச் சென்ற கோயில் அதுவே. (ஆட்டுக்கடாக் கொம்புடைய இத்தெய்வத்தின் பெயரால்தான், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் சுருள் வடிவப் புதைபடிவங்களும் அம்மோனைட் எனப்படுகின்றன.) அந்த வட்டாரத்து உப்பை ரோமானியர் அமோனின் உப்பு என்ற பொருளில் வழங்கினர். மணலுக்கடியில் கிடைப்பதால், மணலைக் குறிக்கும் ‘அம்மோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததென்று பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். ஆயினும் கோயிலின் பெயரே மூலம் என்பதுதான் எனக்கு வலுவாகப்படுகிறது.

பிளினி குறிப்பிடும் உப்பு பெரும்பாலும் சாதாரணப் பாறை உப்பாகவே இருந்திருக்கும். பெயர்தான் பிற்காலத்தில் நவச்சாரத்துக்கு, அதாவது அமோனியம் குளோரைடுக்கு, இடம்பெயர்ந்தது. எகிப்தில் ஒட்டகச் சாணத்தை எரித்து, படியும் புகைக்கரியிலிருந்து அதை எடுத்து ஐரோப்பாவுக்கு விற்றார்கள். அந்த நவச்சாரத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்துச் சூடாக்கி, வெளிவந்த நெடிமிக்க வாயுவைப் பாதரசத்தின் மேல் பிடித்து ஆராய்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி, 1774இல் அதைக் ‘காரக் காற்று’ என்றார். 1782இல் சுவீடனின் டார்பர்ன் பெர்க்மன்தான், உப்பின் பெயரை வைத்து, அமோனியா என்று பெயரிட்டார்.

ஆகவே நவச்சாரம் என்ற நம் சொல்லுக்கு அமோனுடன் உறவில்லை, பொருளுக்குத்தான் உறவு. தங்கள் ஊரில் ஈயம் பூசுபவர், அடுப்பில் காய்ந்த பித்தளைக் குண்டானுக்குள் நவச்சாரப் பொடியைத் தூவிப் பஞ்சால் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூட்டில் நவச்சாரம் அமோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது பாத்திரத்தின் மேல் படிந்த ஆக்சைடு படலத்தை அரித்து நீக்குவதால்தான் ஈயம் பளிச்சென்று பற்றுகிறது. பிரிந்த இரண்டும் மேலே எழுந்து குளிர்ந்து மீண்டும் கூடும்போது தோன்றுவதே, கண்ணைக் கரிக்கச் செய்யும் அந்த வெண்புகை.