தேக்குக் கதவில் பழைய எனாமல்: உப்புத்தாள் உடனே அடைத்துக்கொள்கிறது

தேக்குக் கதவின் பழைய எனாமலை எடுக்க உப்புத்தாளால் தேய்த்தால் தாள் உடனே அடைத்துக்கொள்கிறது, வீட்டில் கைக்குழந்தை வேறு இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். உப்புத்தாளைக் கீழே வையுங்கள். ஐந்தாறு கோட் ஏறிய கதவுக்குப் பெயிண்ட் ரிமூவர்தான் சரி. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, தடிமனாகப் பூசி 20 நிமிடம் விடுங்கள். பெயிண்ட் சுருங்கிப் பொங்கியதும் பட்டி பிளேடால் மர ரேகை போகும் திசையிலேயே வழியுங்கள். குறுக்கே இழுத்தால் விழும் கீறல் பாலிஷ் போட்டாலும் மறையாது.

தாள் அடைப்பது, தேய்க்கும் சூட்டில் எனாமல் இளகுவதால் இருக்கும்.

முதலில் கீல் பக்கம் ஓர் அங்குலத்தில் பூசிப் பாருங்கள். அடிப்பூச்சு வரவில்லையா, இன்னொரு கை பூசுங்கள். அப்புறம் டர்பன்டைனால் துடைத்துவிடலாம்.

வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். உங்கள் கதவுப் பூச்சு அதைவிடப் பழையது, வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறது. அதில் ஈயம் இருக்கலாம் என்பதால், தூள் பறக்க உலர்ந்தபடி தேய்க்கவே வேண்டாம்.