முதலாமாண்டுக்காரர்கள் கேட்டவை: படிப்புக்கு நடுவே பிடித்த வேலைக்கும் இடம்

கல்லூரியில் முதல் செமஸ்டரில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: அக்கா, கல்லூரி சேரும் முன் கிட்டார் வாங்கினேன். சேர்ந்த பிறகு உறையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. தினமும் ஒரு மணி நேரமாவது இருந்தால்தானே கற்க முடியும்?

பதில்: அந்த ஒரு மணி நேரத்துக்குக் காத்திருந்தால் செமஸ்டரே முடிந்துவிடும். 15 நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வாசித்தால் விரல் நோகும், அடுத்த ஞாயிறு வருவதற்குள் கை மறந்தும்விடும்.

முதலில் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து, வெயில் படாத இடத்தில், கண்ணில் படும்படி வையுங்கள். உறையின் ஜிப்பைத் திறக்கிற அந்தச் சின்ன வேலையே பல நாள் பயிற்சியைத் தட்டிப்போட வைக்கும்.

15 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 2 நிமிடம் ட்யூனிங், அதாவது சுருதி சேர்ப்பது: தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ என்ற ஸ்வரங்கள். அடுத்த 5 நிமிடம் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாற்றம். இ மைனர், ஜி என்று இரண்டே இரண்டை எடுத்துக்கொண்டு, 60 நொடியில் எத்தனை தடவை சுத்தமாக மாற்றினீர்கள் என்று எண்ணிக் குறித்து வையுங்கள். 30ஐத் தாண்டிய பிறகு அடுத்த ஜோடிக்குப் போங்கள். மீதி 8 நிமிடமும் ஒரு பாட்டின் நான்கு வரிக்கே. முழுப் பாட்டையும் தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டே போனால் தெரிந்த இடம்தான் மெருகேறும். தடுமாறும் இடம் தடுமாறிக்கொண்டே இருக்கும்.

கம்பி கரகரத்தால் பெரும்பாலும் விரல் வைத்த இடம்தான் தவறு. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உள்ள உலோகப் பட்டையை (ஃப்ரெட்) ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் குறைந்த பலமே போதும். ஒலியே எழும்பாமல் அடைத்துப்போனால், விரலின் சதைப்பகுதி பக்கத்துக் கம்பியைத் தொடுகிறது என்று அர்த்தம். நகத்தை ஒட்ட வெட்டி, விரல் நுனியை நேராக நிறுத்துங்கள். நுனி வலி சில வாரங்களில் தோல் கெட்டியானதும் போய்விடும். மணிக்கட்டில் வலியோ மரத்துப்போவதோ இருந்தால் அது வேறு. அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு, மறுநாள் மணிக்கட்டை அதிகம் மடக்காமல் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: எனக்கும் இதே பாடுதான். ஆனால் நான் வாசிக்க உட்காரும் நேரத்தில் அறைத்தோழன் தூங்குகிறான்.

பதில்: கிட்டாரின் உடல்பகுதியில் கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், கம்பிகளுக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைச் செருகுங்கள். ஒலி வெகுவாக அடங்கிவிடும். கார்டு மாற்றத்துக்கு இது போதும், ஆனால் ட்யூனிங்கை ஸ்பாஞ்ச் வைக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

கேள்வி: பேராசிரியர் பேசுவதை எல்லாம் எழுதுகிறேன். அறைக்கு வந்து பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. மாலை முழுக்க நோட்ஸோடு போராடுவதால் வேறெதற்கும் நேரமில்லை.

பதில்: கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் பரப்பிய குறிப்பு முறை உங்களுக்குப் பொருந்தும். தாளின் இடப்பக்கம் 6 செ.மீ., அடியில் 5 செ.மீ. விட்டுக் கோடு போடுங்கள். வகுப்பில் வலப்பக்கம் மட்டும் எழுதுங்கள்: தலைப்பு, காரணம், எடுத்துக்காட்டு, சூத்திரம். முழு வாக்கியம் வேண்டாம். விட்டுப்போன இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

அன்று மாலை 10 நிமிடம் ஒதுக்கி, வலப்பக்கம் விடையாக வரும்படியான கேள்விகளை இடப்பக்கம் எழுதுங்கள். அடியில் இரண்டு மூன்று வரியில் சாரம். இந்த முறை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கோடு போட்டு எழுதுவார்கள், இடப்பக்கம் காலியாகவே கிடக்கும். அப்படியானால் அது வெறும் ஓரம் விட்ட நோட்டு.

அன்றே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்ட முடிவுகளில், ஒரு நாள் கழித்து மிஞ்சியது மூன்றில் ஒரு பங்குதான். பொருள் புரிந்த பாடம் அதைவிட நிலைக்கும். ஆனாலும் சரிவு முதல் நாளில்தான் செங்குத்தாக இருக்கும்.

கேள்வி: நான்கு தடவை படித்தாலும் தேர்வில் வரமாட்டேன் என்கிறது.

பதில்: நான்கு தடவை படிக்காதீர்கள். ஒரு தடவை படித்து, புத்தகத்தை மூடி, நினைவிலிருப்பதை வெள்ளைத்தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை வேறு நிற மையில் நிரப்புங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் அந்த வேறு நிற இடங்களை மட்டும் சோதியுங்கள். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. படித்ததுமே எல்லாம் தெரிந்த மாதிரி தோன்றுவது ஏன் ஏமாற்றுகிறது என்பது இதில் விளங்கும்.

கேள்வி: அக்கா, ஐந்து மன்றங்களில் பெயர் கொடுத்துவிட்டேன். எதை விடுவது?

பதில்: மூன்றை விடுங்கள். எந்த மூன்று என்பதற்கு, ஒவ்வொரு மன்றத்தின் இரண்டாமாண்டு மாணவரிடமும் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகும், தேர்வுக்கு முந்தைய வாரம் நிகழ்ச்சி இருக்கிறதா, முதலாமாண்டுக்காரருக்கு உண்மையில் என்ன வேலை தருவீர்கள். மூன்றாவதற்கு "நாற்காலி போடுவது" என்று மட்டும் பதில் வந்தால், உங்கள் விருப்பத்துக்கு அங்கே தீனி இல்லை.

கேள்வி: நான் சட்டென்று பழகமாட்டேன். மூன்று மாதமாகியும் நெருங்கிய நண்பர் என்று யாருமில்லை. என்னிடம் ஏதாவது குறையா?

பதில்: இல்லவே இல்லை. கணக்கைப் பாருங்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும். நெருங்கிய நண்பராக 200 மணிக்கும் மேல். வகுப்பில் அருகருகே உட்கார்ந்திருப்பது அவ்வளவாகக் கணக்கில் சேராது, சேர்ந்து பொழுது கழிப்பதுதான் சேரும். வாரம் நான்கு மணி என்றால் முதல் படிக்கே மூன்று மாதம் ஆகும். அதனால் புதுப்புது முகங்களைத் தேடாமல், ஒரே ஓவியக் குழுவுக்கோ சதுரங்க மேசைக்கோ அதே நாளில், அதே நேரத்தில் போய்க்கொண்டிருங்கள். செய்ய ஒரு வேலை கையில் இருக்கும்போது பேச்சைத் தேடித் தவிக்கவும் வேண்டியிருக்காது.

கேள்வி: கல்லூரி விழாவில் மொபைலில் படம் எடுத்தால் ஆடுபவர்கள் கலங்கலாகவும் முகங்கள் வெள்ளையாகவும் விழுகின்றன. சிலவற்றில் பட்டை பட்டையாகக் கோடு வேறு.

பதில்: மூன்றும் தனித்தனிக் கோளாறு. கலங்கலுக்குக் காரணம் ஷட்டர் வேகம். அளவுகளை நாமே வைக்கும் ப்ரோ மோடில், நின்று பேசுபவருக்கு 1/125 நொடி, ஆட்டத்துக்கு 1/500 நொடி வையுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறிப் புள்ளி விழும், விழட்டும். புள்ளியைப் பின்னால் குறைக்கலாம், கலங்கலைச் சரிசெய்வது கடினம்.

முகம் வெளுப்பது, பின்னணி இருட்டைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டுவதால். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். கோடு, மின்விளக்கின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120 வைத்தால் பெரும்பாலும் மறையும். அந்த வேகத்தில் ஆட்டம் கலங்கும் என்பதால், ஆடுபவர் ஒரு கணம் உறைந்து நிற்கும் முத்திரையில் சொடுக்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் லென்ஸைத் துடைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: இரவு 2 மணிக்குத்தான் தூக்கம் வருகிறது. 8 மணி வகுப்பில் கண் சொக்குகிறது.

பதில்: தூங்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாமல் எழும் நேரத்தைப் பிடியுங்கள். விடுமுறை நாள் உட்பட ஒரே நேரம், எழுந்ததும் வெளி வெளிச்சத்தில் சிறிது நேரம். படுக்கும் நேரத்தை இரண்டு நாளுக்கு 15 நிமிடமாக முன்னே நகர்த்துங்கள். உங்கள் வயதுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். உடலில் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரமாகும். மாலை 6 மணிக் காபியில் பாதி, இரவு 11க்கும் உள்ளே இருக்கும். பகல் தூக்கம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: தினக்குறிப்பு எழுத ஆசை. நான்கு நாளில் நின்றுவிடுகிறது.

பதில்: பக்கம் நிரப்பப் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. மூன்று வரி போதும்: இன்று கற்றது ஒன்று, கண்ணில் பட்டது ஒன்று, நாளைக்கு ஒன்று. பல் துலக்கியதும் என்று ஏதாவதொரு பழைய வழக்கத்தின் வாலில் கட்டிவிடுங்கள். ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் எடுத்ததாக லண்டனில் ஆய்வாளர் பிலிப்பா லாலியின் குழு கண்டது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதில் தெரிந்தது. விட்ட நாளுக்கும் சேர்த்து எழுத உட்காராதீர்கள். அன்றைய தேதியைப் போட்டு மூன்று வரி எழுதிவிட்டு மூடிவையுங்கள்.