தோட்டம் கேள்வி பதில்: வேலியோரத்து மஞ்சள் பூ

கேள்வி: ஆவணி பிறந்ததும் எங்கள் பின்வளவு வேலியோரம் ஒரு காட்டுச்செடி நெஞ்சளவு வளர்ந்து மஞ்சளாகப் பூக்கிறது. கோல்டன்றொட் என்கிறார்கள். அதே நாட்களில்தான் மகனுக்குத் தும்மலும் கண்கடியும் தொடங்குகின்றன. பிடுங்கி எறியச் சொல்கிறார்கள். எறியட்டுமா?
– ஸ்காபரோ வாசகி

பதில்: கொஞ்சம் பொறுங்கள் தங்கச்சி. முதலில் அந்தப் பூவை ஒருக்கால் விரலால் தடவிப் பாருங்கள். மஞ்சள் தூள் விரலில் ஒட்டிக்கொள்ளும். பாரமான, பிசுபிசுத்த மகரந்தம் அது. தேனீயின் காலில் தொற்றிப் போவதுதான் அதன் வழி. காற்றில் ஏறி மகனின் மூக்குக்கு வருவது அரிது.

இந்தக் காலத்தில் தும்மவைப்பது பெரும்பாலும் றாக்வீட் என்ற களைச்செடி. அதுவும் ஓகஸ்டில்தான் பூக்கத் தொடங்கும். பூ பச்சை நிறம் என்பதால் யார் கண்ணிலும் படாது. பழி முழுவதும் பளிச்சென்று நிற்கிற மஞ்சள் பூவுக்குப் போய்விடுகிறது. கோல்டன்றொட் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், றாக்வீட் இலை கரட் இலைபோலப் பிரிந்து பிரிந்து இருக்கும். ட்ரைவ்வே ஓரமெல்லாம் தேடி, பூக்குமுன் வேரோடு இழுத்துவிடுங்கள். ஆனால் அதன் தூள் காற்றில் வெகுதூரம் வரும். ஆகவே பிள்ளையை டொக்டரிடம் காட்டி அலர்ஜிப் பரிசோதனை செய்வதுதான் சரி.

அதற்காக உங்கள் கோல்டன்றொட்டைக் கண்டபடி விடவும் சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லும் உயரத்தைப் பார்த்தால் அது கனடா கோல்டன்றொட் போலத் தெரிகிறது. மண்ணுக்கடியில் கிழங்குவேர் ஓடவிட்டுப் பரவும். எங்கள் முதல் வீட்டில் அழகாக இருக்கிறதே என்று மூன்று வருடம் விட்டேன். லில்லிப் பாத்தி முழுவதையும் மூடிவிட்டது. வசந்தத்தில் குருத்து விரலளவு வரும்போது சுற்றிவர மண்வெட்டியால் வெட்டி, வெளிறிய வேர்களைத் துண்டு மிச்சமில்லாமல் எடுங்கள்.

அந்த இடத்தில் அடங்கி வளரும் கோல்டன்றொட் ஒன்றை வையுங்கள். வெயில் நன்றாக விழுந்தால் 'பயர்வேர்க்ஸ்' என்ற வகை. வாணவேடிக்கை மாதிரியே கொப்புகள் வளைந்து பூக்கும். மர நிழல் என்றால் நீலத்தண்டு வகை. பசளை போடவே வேண்டாம். கொழுத்த மண்ணில் நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். ஜூன் தொடக்கத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கைத் தறித்தால் அடர்ந்து நிற்கும். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நடுங்கள். பக்கத்தில் ஊதா நிற நியூ இங்கிலன்ட் அஸ்டர் நட்டால் இரண்டும் சேர்ந்து பூக்கும். செப்டெம்பரில் மெக்சிக்கோவுக்குப் பறக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் வழிச்சாப்பாட்டுக்கு அந்தத் தேனில்தான் இறங்குகின்றன. அதை ஒரு தடவை பார்த்தபிறகு இந்தச் செடியை அடியோடு அழிக்க எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: பூ காய்ந்ததும் தண்டை வெட்டிவிடலாமா?
– மார்க்கம் வாசகர்

பதில்: விதை விழுந்து பரவுமென்று பயமிருந்தால் காய்ந்த பூத்தலையை மட்டும் கிள்ளுங்கள். தண்டு அடுத்த வசந்தம் முடியும்வரை நிற்கட்டும். சில தண்டுகளின் நடுவில், முக்கியமாகக் காட்டு வகையில், நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை வீங்கியிருக்கும். நோயென்று நினைக்காதீர்கள். ஓர் ஈ முட்டையிட்டதால் செடி கட்டிய வீடு அது. ஒரு பெப்ரவரியில் கத்தியால் ஒன்றைப் பிளந்து பார்த்தேன். பஞ்சு போன்ற உள்ளீட்டின் நடுவே அரிசிமணி போல வெள்ளைப் புழு. குளிரைத் தாங்கவைக்கும் கிளிசரோல் போன்றவற்றைத் தன் உடம்பிலேயே சுரந்துகொண்டு அந்தக் குளிரிலும் உயிரோடு கிடக்கிறது. இலையுதிர்காலத்திலேயே வெளியேறும் வழியைத் தோலுக்குக் கிட்டமட்டும் குடைந்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறது.

பறவைகளுக்கும் அது தெரியும். தை மாசியில் ஸ்னோவுக்குள் இறங்கிப் போய் உருண்டையைப் பாருங்கள். துளை சின்னதாக, ஒழுங்காக இருந்தால் சிறு மரங்கொத்தி வந்து போயிருக்கிறது. பிய்த்துக் குதறியிருந்தால் சிக்கடீ என்ற சின்னக் குருவி.