வைட் சாக்ஸ் ரசிகர்கள் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறார்கள்? கேள்வி பதில்

சிகாகோவின் பேஸ்பால் அணிகளில் ஒன்றான வைட் சாக்ஸ் 2025 சீசனை 60 வெற்றி, 102 தோல்வியோடு முடித்தது. 2024-ல் 41-121. அதற்கு முந்தைய வருடம் 61-101. தொடர்ந்து மூன்று வருடம் நூறு தோல்விக்கு மேல். சிகாகோவிலும் சுற்றுப்புறங்களிலும் இருக்கும் நம்மவர்கள் இதுபற்றிக் கேட்டவற்றை இங்கே தொகுத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். 2005-ல் உலகத் தொடர் (வேர்ல்ட் சீரிஸ்) கோப்பை வென்றதையும் பார்த்தேன், இந்த மூன்று வருடத்தையும் விடாமல் பார்த்தேன்.

சார், ஊருக்குப் புதிது நான். கிரிக்கெட்டில் தோற்றால் கேப்டனையும் கோச்சையும் திட்டுவோம். இங்கே எல்லாரும் ஓனரையே திட்டுகிறார்களே? (ஷாம்பர்க்)

பேஸ்பாலில் மேனேஜர் என்பவர் கையில் கொடுத்த ஆட்களை வைத்து ஆடுபவர். யாரை முதலில் பேட் செய்ய அனுப்புவது, பந்து வீசும் பிட்சரை எப்போது மாற்றுவது, அவ்வளவுதான் அவர் கையில். ஆட்களைச் சேர்ப்பதும் விற்பதும் ஜெனரல் மேனேஜர். அவரை நியமிப்பதும் எவ்வளவு செலவழிக்கலாம் என்று சொல்வதும் ஓனர்.

2024-ல் இதைக் கண்ணால் பார்த்தோம். தொடர்ந்து 21 ஆட்டம் தோற்றபின், ஆகஸ்ட் 8 அன்று மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை வேலையை விட்டு எடுத்தார்கள். அப்போது கணக்கு 28-89. அடுத்து வந்த கிரேடி சைஸ்மோர் காலத்தில் 13-32. மேனேஜர் மாறினார், அணி மாறவில்லை.

ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் தலைமையிலான குழு 1981-ல் 1.9 கோடி டாலருக்கு இந்த அணியை வாங்கியது. இன்று அதன் மதிப்பு சுமார் 200 கோடி டாலர். 2025 வரையிலான 44 வருடத்தில் ஒரே ஒரு கோப்பை. எத்தனை மேனேஜர்கள் வந்து போனாலும் அந்த நாற்காலியில் இருப்பவர் ஒருவரே. கோபம் அவரிடம் போய்ச் சேர்வதில் ஆச்சரியம் என்ன?

2016-ல் 'மறுகட்டமைப்பு' என்று எல்லாரையும் விற்றார்களே அண்ணா, அது என்ன ஆயிற்று? (நேப்பர்வில்)

எல்லாக் கோபத்துக்கும் வேர் இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2016 டிசம்பரில் நம் சிறந்த பிட்சர் கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் உள்ளிட்ட இளைஞர்களை வாங்கினார்கள். மறுநாளே ஆடம் ஈட்டன் வாஷிங்டனுக்குப் போனார், லூகாஸ் ஜியோலிட்டோ என்ற இளம் பிட்சர் வந்தார். 2017-ல் ஹோசே கின்டானாவை ஊருக்குள்ளேயே இருக்கும் இன்னொரு அணியான கப்ஸுக்குக் கொடுத்து எலோய் ஹிமெனஸையும் டிலன் சீஸையும் எடுத்தார்கள். "சில வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பல வருடம் வெல்வோம்" என்பதுதான் ரசிகர்களுக்குச் சொன்ன சேதி. நாங்களும் பொறுத்தோம். 2018-ல் நூறு தோல்வியை முணுமுணுக்காமல் பார்த்தோம்.

பலன் வராமலும் இல்லை. 2020-ல் ப்ளேஆஃப். 2021-ல் 93 வெற்றியோடு டிவிஷனில், அதாவது நம் அணி இருக்கும் பிரிவில், முதலிடம். அந்த வருடம் மைதானத்துக்குப் போனவர்களுக்கு இது நம் காலம் என்று தோன்றியது. ஆனால் ப்ளேஆஃபில் ஹூஸ்டன் 3-1 என்று வெளியே அனுப்பியது. அடுத்த வருடம் 81-81. அதற்கடுத்து சரிவு.

காயங்கள் ஒரு காரணம், மறுக்கவில்லை. 2021 பயிற்சி ஆட்டம் ஒன்றில் ஹிமெனஸ் வேலிக்கு மேலே போய்க்கொண்டிருந்த, எட்டவே எட்டாத ஒரு பந்துக்குத் தாவி மார்புத் தசையைக் கிழித்துக்கொண்டார். முக்கியமானவர்கள் எல்லாரும் சேர்ந்து ஆடிய நாட்கள் குறைவு. ஆனால் காயம் எல்லா அணிக்கும் வரும். ஒருவர் விழுந்தால் தாங்க அடுத்த வரிசை வேண்டும். ரைட் ஃபீல்ட், செகண்ட் பேஸ் என்ற இரண்டு ஃபீல்டிங் இடங்களில் வருடக்கணக்கில் ஓட்டையை வைத்துக்கொண்டு அரைகுறை ஆட்களை வைத்து ஒப்பேற்றினார்கள். வெல்ல வேண்டிய நேரத்தில் பணத்தை இறுக்கிப் பிடித்தார்கள்.

இந்த அணி தன் வரலாற்றில் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்த ஐந்து வருடம், 7.5 கோடி டாலர். நாட்டின் மூன்றாவது பெரிய நகரத்தில் இருக்கும் அணி இதுவரை ஒருவருக்கும் 10 கோடி டாலர் கொடுத்ததில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது: நாம் 121 ஆட்டம் தோற்ற அதே 2024-ல், அட்லாண்டாவுக்கு ஆடிய கிறிஸ் சேல் பேஸ்பாலின் இரண்டு லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார்.

தோல்வியை இந்த ஊர் தாங்கும். 1917-க்குப் பிறகு 2005 வரை 88 வருடம் காத்திருந்த கூட்டம் இது. பொறுமை கேட்டு வாங்கி, அதை வீணடித்து, இப்போது மறுபடியும் பொறுமை கேட்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

டோனி லா ரூசாவை ஏன் கொண்டுவந்தார்கள்? (டவுனர்ஸ் குரோவ்)

லா ரூசா பெரிய மேனேஜர், பேஸ்பாலின் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர். 1979 முதல் 1986 வரை இங்கேதான் இருந்தார். 1986-ல் அவரை வேலையை விட்டு எடுத்தது தவறு என்று ரைன்ஸ்டார்ஃப் பல வருடம் வருந்தியிருக்கிறார். 2020 சீசன் முடிந்ததும், ஒன்பது வருடமாக எந்த அணியையும் நடத்தாத 76 வயதுக்காரரை அழைத்து, வளர்ந்துவரும் இளைஞர் அணியை ஒப்படைத்தார். அணி அவர் கீழ் 93 ஆட்டம் வென்றது உண்மை. ஆனால் ஓனர் தன் பழைய மனக்குறையைத் தீர்த்துக்கொள்ள எடுத்த முடிவு அது. அந்த இளைஞர்களுக்கு யார் பொருத்தம் என்று தேடியிருந்தால் வேறு பெயர் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கிறிஸ் கெட்ஸ் மீது மட்டும் பழி போடுவது நியாயமா? அவர் 2023-ல்தானே வந்தார்? (அரோரா)

121 தோல்வியை அவர் தலையில் முழுதாகக் கட்டுவது நியாயமில்லை. 2023 ஆகஸ்டில் அதுவரை அணியை நிர்வகித்த கென் வில்லியம்ஸையும் ரிக் ஹானையும் அனுப்பிவிட்டு, பத்தே நாளில் கெட்ஸை ஜெனரல் மேனேஜர் ஆக்கினார்கள். ஆனால் அவர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2016 முதல் இளம் வீரர்களை வளர்க்கும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. அந்த வளர்ப்பு சரியில்லாமல்தான் அணி சரிந்தது. வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தால் அமைப்பைப் புரிந்துகொள்ளவே ஒரு வருடம் போய்விடும் என்பது ஓனர் சொன்ன காரணம். அந்த அவசரத்தில் கிடைத்ததுதான் 121.

வந்தபின் அவர் செய்த சில வேலைகள் நன்றாக இருக்கின்றன. கடைசி பதிலில் சொல்கிறேன்.

121-வது தோல்வியைப் பார்க்கவே ஜனம் டிக்கெட் வாங்கியதாமே? (சிகாகோ)

ஆமாம். 1962-ல் நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றதுதான் 1901-க்குப் பிறகான காலத்தில் மோசமான கணக்கு. 2024 செப்டம்பர் 24 அன்று நம் ஆட்கள் 120 தோல்வியோடு சொந்த மைதானத்தில் ஏஞ்சல்ஸைச் சந்தித்தார்கள். 8-வது இன்னிங்ஸ் வரை 2-0 பின்தங்கியிருந்தார்கள். கூட்டத்தில் ஒரு பகுதி "அணியை விற்றுவிடு" என்று கத்திக்கொண்டிருந்தது. திடீரென்று மூன்று ரன் அடித்து 3-2 என்று வென்றுவிட்டார்கள். தோல்வியைப் பார்க்க வந்தவர்களும் எழுந்து கை தட்டினார்கள், சிலர் சொந்த அணி வென்றதற்கே எதிர்ப்புக் கூச்சலிட்டார்கள். ஒரு ரசிகனை இந்த நிலைக்குத் தள்ளியது யார் என்பதை நிர்வாகம் யோசிக்க வேண்டும்.

அந்தத் தொடரின் மூன்று ஆட்டத்தையும் சாக்ஸே வென்றது. 121-வது தோல்வி செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட்டில் வந்தது.

கடைசியில் வந்தால் டிராஃப்டில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்குமே? (பஃபலோ குரோவ்)

கிடைக்கவில்லை. டிராஃப்ட் என்பது அணிகள் வரிசைப்படி புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது. இப்போது அந்த வரிசையின் முதல் ஆறு இடத்துக்குக் குலுக்கல் உண்டு. பெரிய ஊர் அணிகள் இரண்டு வருடம் அடுத்தடுத்துக் குலுக்கலில் இடம் பெறக் கூடாது என்பது விதி. 2024-ல் சாக்ஸுக்கு ஐந்தாவது இடம் வந்துவிட்டது. அதனால் 121 தோற்றும் 2025-ல் பத்தாவது இடம்தான். வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க இந்த விதி இருப்பது எனக்குச் சம்மதமே. இதைத் தெரிந்துகொண்டே அணியை அந்த நிலைக்கு விட்டார்களே, அதுதான் கேள்வி.

இவ்வளவு தோற்றால் கீழ் லீகுக்கு இறக்கிவிட மாட்டார்களா? (லண்டனில் இருக்கும் கால்பந்து ரசிகை)

மாட்டார்கள் அம்மா. இங்கிலாந்துக் கால்பந்து போல ஏற்ற இறக்கம் இங்கே கிடையாது. முப்பது அணிகள், முப்பதும் நிரந்தரம். தேசிய டிவி ஒப்பந்தப் பணம் முப்பது அணிக்கும் சமமாகப் பிரிகிறது, தோற்றாலும் வரும். அளவுக்கு மேல் செலவழிப்பவர்களுக்கு வரி உண்டு. ஆனால் இவ்வளவாவது செலவழித்தே ஆக வேண்டும் என்று கீழ்வரம்பு இல்லை. 1922-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் ஏகபோகத் தடுப்புச் சட்டத்திலிருந்தும் பேஸ்பாலுக்கு விலக்கு இருக்கிறது.

உள்ளூர் வருமானம் மட்டும் அடிபடும். கோப்பைக்கு அடுத்த வருடமான 2006-ல் சுமார் 29.5 லட்சம் பேர் மைதானத்துக்கு வந்தார்கள். 2024-ல் சுமார் 13.8 லட்சம்.

புது மைதானத்துக்கு அரசுப் பணம் கேட்கிறாராமே? வரி கட்டுபவன் என்ற முறையில் கேட்கிறேன். (ஓக் புரூக்)

இது பழைய கதையின் இரண்டாம் பாகம். 1988-ல் புது மைதானம் கட்டித் தராவிட்டால் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அணியைக் கொண்டுபோவோம் என்றார்கள். அங்கே மைதானமே கட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஜூன் 30 நள்ளிரவுக்குள் சட்டமன்றம் முடிவெடுக்க வேண்டும். சபையின் கடிகாரத்தை நிறுத்திவைத்து மசோதாவை நிறைவேற்றினார்கள். அப்படி வந்ததுதான் 35-வது தெருவில் 1991-ல் திறந்த இன்றைய மைதானம்.

அதன் குத்தகை 2029 வரை. 2024-ல், அவ்வளவு தோல்விக்கு நடுவே, நகர மையத்துக்குத் தெற்கே '78' என்ற காலி நிலத்தில் புது மைதானம் வேண்டும், அதற்குச் சுமார் 100 கோடி டாலர் பொதுப்பணம் வேண்டும் என்று கேட்டார்கள். சட்டமன்றம் அசையவில்லை. 2025 ஜூனில் சிகாகோ ஃபயர் கால்பந்து அணியின் ஓனர் அதே நிலத்தில் சொந்தப் பணத்தில் மைதானம் கட்டப்போவதாக அறிவித்துவிட்டார்.

ரைன்ஸ்டார்ஃப் புரூக்ளினில் டாட்ஜர்ஸ் ரசிகராக வளர்ந்தவர். அந்த அணி 1957-க்குப் பிறகு ஊரை விட்டே போனது. அந்த வலியை அனுபவித்தவர் இன்னொரு ஊரை அதே வார்த்தை சொல்லிப் பயமுறுத்தினார் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

அப்போ அணியை விற்கப்போகிறாரா இல்லையா? (எல்ஜின்)

உடனே இல்லை. 2025 ஜூனில் ஜஸ்டின் இஷ்பியா என்ற முதலீட்டாளருடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறார். 2029 முதல் 2033 வரை ரைன்ஸ்டார்ஃப் விரும்பினால் கட்டுப்பாட்டை அவருக்கு விற்கலாம். 2034 சீசனுக்குப் பிறகு வாங்கும் உரிமை இஷ்பியா கைக்குப் போகும். ரைன்ஸ்டார்ஃப் 1936-ல் பிறந்தவர். வழி தெரிந்திருக்கிறது, தேதி தெரியவில்லை. ஆனாலும் அணி சிகாகோவிலேயே இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இதனால் கூடியிருக்கிறது.

போப் நிஜமாகவே சாக்ஸ் ரசிகரா? (ஒரு மாணவி)

நிஜம்தான். பதினான்காம் லியோ, பக்கத்து டால்டனில் வளர்ந்தவர். 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தது டிவியிலேயே பதிவாகியிருக்கிறது. மைதானத்தில் 140-வது இருக்கைப் பிரிவின் பக்கம் அவர் படத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

கோபத்தைக் காட்ட ஆட்டத்துக்குப் போகாமல் இருப்பதுதான் சரியா? பையன் போகணும் என்று அடம் பிடிக்கிறான். (லைல்)

கூட்டிக்கொண்டு போங்கள். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விடுவது நிர்வாகத்துக்குப் புரியும் மொழி, அதை ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு குழந்தை பேஸ்பாலைக் கண்டுபிடிக்கும் கோடையை அதற்காகப் பலி கொடுக்காதீர்கள். ரெட் லைனில் சாக்ஸ்-35-வது தெரு நிலையத்தில் இறங்கினால் பாலத்தைத் தாண்டி மைதானம். பையன் கையில் கிளவ் இருக்கட்டும், சீக்கிரம் போய் பேட்டிங் பயிற்சியைப் பாருங்கள்.

2026-ல் ஏதாவது நம்பிக்கை உண்டா? உள்ளதைச் சொல்லுங்கள். (பெயர் வேண்டாம் என்றவர்)

உண்டு. இளம் வீரர் கோல்சன் மான்ட்கோமெரி 2025 ஜூலையில் வந்து 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன் அடித்தார். கேட்சர் கைல் டீலும் சேஸ் மைட்ராத்தும் நன்றாக ஆடினார்கள். இருவரும் 2024 டிசம்பரில் பிட்சர் காரெட் குரோஷேயைப் பாஸ்டனுக்குக் கொடுத்து வாங்கியவர்கள். மில்வாக்கி அணி தன் பட்டியலில் பாதுகாக்காமல் விட்ட பிட்சர் ஷேன் ஸ்மித்தை எடுத்துவந்தார்கள், அவர் சிறந்த வீரர்களுக்கான ஆல்ஸ்டார் ஆட்டம் வரை போனார். இதெல்லாம் கெட்ஸ் கணக்கில் சேர வேண்டும். மேனேஜர் வில் வெனபிளும் வெளியிலிருந்து வந்தவர், அதுவே மாற்றம். 2026 டிராஃப்ட் குலுக்கலில் தடையும் இல்லை.

ஆனால் குரோஷேயின் கதையை மறக்காதீர்கள். நாம் கொடுத்த கையோடு பாஸ்டன் அவருக்கு ஆறு வருடம், 17 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. 2025-ல் அவர் 255 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்து (பந்துவீச்சாலேயே அவுட்டாக்கி) அமெரிக்கன் லீகில் முதலிடம். நம்மிடம் வளர்பவர்களுக்கு அடுத்த ஊர்தான் பணம் கொடுக்கிறது. அதனால் சீசன் இல்லாத குளிர்கால ஒப்பந்தப் பேச்சுகளில் நான் ஒன்றைத்தான் கவனிக்கப்போகிறேன்: மான்ட்கோமெரிக்கு நீண்ட ஒப்பந்தம் பேசுகிறார்களா, இல்லை இன்னும் நான்கு வருடத்தில் அவரையும் விற்று 'அடுத்த தலைமுறை' என்பார்களா?