ரோஸ் ஊரில்தான் இருந்தாள்

ஐயா, வணக்கம்.
பெருந்துறைப் பக்கம் கிராமம். மகன் கனடா போய் நாலு வருஷம் ஆகிறது. அவன் வாங்கித் தந்த ‘புரூக்ளின்’ நாவலை இப்போதுதான் முடித்தேன். இரண்டு நாள் அழுதேன். இதெல்லாம் ஜனரஞ்சகம், இலக்கியமில்லை என்கிறாள் தோழி. நம் கொங்கில் ஏன் இப்படியொரு நாவல் வரவில்லை? முழங்கால் வலியில் பாதி நாள் கட்டிலில்தான், அதனால்தான் படிக்க முடிந்தது. மகனுக்குத் தெரியாது. சும்மா வீட்டில் இருக்கிறவள், தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

அன்புள்ள அம்மா,

தோழியை விடுங்கள். லட்சம் பேர் வாங்கினால் இலக்கியம் கெட்டுப்போகாது. கொங்கு நாவலா? 1942இல் ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ எழுதியபோது நம் சண்டையெல்லாம் விவசாயக் காட்டில் பங்கு கேட்பதுதான். இப்போது காட்டை விற்று விசா எடுக்கிறோம். யாராவது எழுதுவார்கள்.

கோல்ம் டோபீனின் அந்த நாவல் 2009இல் வந்தது. படித்தவர்கள் எல்லாம், அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போகிற நாயகி ஐலிஷ் பின்னாலேயே கப்பல் ஏறிவிடுகிறார்கள். துணிக்கடை வேலை, இரவு வகுப்பில் கணக்கு, காதல். நான் ஏறவில்லை. அக்கா ரோஸோடு அயர்லாந்திலேயே நின்றுவிட்டேன். தங்கையை அனுப்ப ஏற்பாடு செய்தவள் அவள். அம்மாவோடு இருந்தவளும் அவள்தான். தனக்கு இதயநோய் என்று தெரிந்தும் வாய் திறக்காமல், ஒரு ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டாள். அவள் கதை எங்கே? போனவளுக்கு முழு நாவல், இருந்தவளுக்கு நாலு கடிதமும் ஒரு சாவுச் செய்தியும். இந்த வகை நாவல்களில் முக்கால்வாசி இப்படித்தான்.

1993இல் மாமா மஸ்கட்டில் இருந்தார். அவர் அம்மாவை, என் அம்மிச்சியை, காங்கயம் எஸ்.டி.டி. போன் பூத்துக்குக் கூட்டிப்போவது என் வேலை. கண்ணாடிக் கதவுக்குள் காசு ஏறுகிற மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடும். அதையே பார்த்துக்கொண்டு, “சாப்பிட்டயா கண்ணு? இங்க எல்லாரும் நல்லா இருக்கறம், வெச்சரட்டுமா?” என்பாள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. வெளியே வந்து, சீலை முந்தியில் முடிந்திருந்த நோட்டை விரித்துக்கொண்டே, பில் கிழிக்கிற பையனிடம் சொல்வாள்: கிணறு வற்றிப்போச்சு, எருமையை வித்தாச்சு, ராத்திரியானா நெஞ்சு வலிக்குது. எங்கள் வீட்டுக் கதை மொத்தமும் அவனுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற நானும் சொன்னதில்லை.

அதென்ன “சும்மா வீட்டில் இருக்கிறவள்”? இன்னொரு தரம் அப்படி எழுதினால் பதில் கிடையாது. முழங்கால் வலியை எனக்கு எழுதுகிறீர்களே, நான் என்ன பூத்துப் பையனா? மகன் அடுத்து கூப்பிடும்போது சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் மீட்டர் ஓடாது.