துப்பாக்கியில ஒட்டுற சென்சாருக்குத் துரு கேக்காது

பினாங்கு பிறையிலேர்ந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. செக்யூரிட்டி கம்பெனியில ஆயுத அறை அவரு பொறுப்பு, 14 பம்ப் கன்னும் (கையால இழுத்துத் தள்ளி தோட்டா ஏத்துற நீளத் துப்பாக்கி) 3 பிஸ்டலும் இருக்காம். போன வாரம் ஒரு ஏஜென்ட் வந்து ஒவ்வொரு துப்பாக்கியிலயும் சின்னதா ஒரு வயர்லெஸ் சென்சார் வச்சா எத்தன தடவ சுட்டாங்கன்னு போன்லயே தெரியும், கெட்டுப் போறதுக்கு 30 நாள் முன்னாடியே ஆப் சொல்லிடும்னு சொல்லிட்டுப் போயிருக்கான். ஒண்ணு 450 வெள்ளி, அதுக்கு மேல துப்பாக்கிக்கு மாசம் 25 வெள்ளி. முதலாளி தவுக்கேக்கு ரொம்ப ஆச வந்துடுச்சாம். "வாங்கலாமா அண்ணே, லைசென்ஸுக்குப் பிரச்சன வருமா?"ன்னு தம்பி கேக்குறாரு.

அந்த 14 பம்ப் கன்னுக்கு வாங்காதீங்க தம்பி, ஒரு வெள்ளி கூட குடுக்காதீங்க. பிஸ்டலுக்கு மட்டும் ஒரு இடத்துல அர்த்தம் இருக்கு, அத பின்னாடி சொல்றேன்.

முதல்ல இந்த சாமான் என்ன செய்யுதுன்னு புரிஞ்சுக்குங்க, பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல. உங்க போனத் திருப்புனா திரை தானா திரும்புதுல்ல, அதுக்குள்ள அசைவ உணர்ற ஒரு சில்லு இருக்கு, அதே ஜாதிதான் இதுவும். சுட்டதும் துப்பாக்கி பின்னால உதைக்கும்ல, அந்த உதைய அது பிடிச்சு ஒண்ணுன்னு எண்ணி வச்சுக்கும், போன் பக்கத்துல வந்தா புளூடூத்ல கணக்கக் குடுத்துடும். அப்புறம் 'முன்கூட்டியே சொல்லும்'னு சொல்றானே, அது பாதிக்கு மேல மோட்டர்பைக் கடையில ஆயில் மாத்திட்டு ஒட்டி விடுற ஸ்டிக்கர் மாதிரிதான், இத்தன கிலோமீட்டர் ஓடுனா திரும்ப வான்னு. தயாரிச்ச கம்பெனி இந்த ஸ்பிரிங்க இத்தன ரவுண்டுக்கு ஒரு தடவ மாத்துன்னு புத்தகத்துல போட்டிருப்பான், ஆப் அந்த நம்பரையும் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்குது, அவ்வளவுதான்.

ராணுவத்துக்கு இது வேணும், அத நான் மறுக்கல. ஒரு மெஷின் கன் நிமிஷத்துக்கு 700 ரவுண்டுக்கு மேல சுடும், ஒரு பட்டாளத்துல நூத்துக்கணக்குல துப்பாக்கி இருக்கும், எது எவ்வளவு சுட்டுச்சுன்னு யாராலயும் ஞாபகம் வச்சுக்க முடியாது. பெல்ஜியத்து எஃப்என் கம்பெனி ஸ்மார்ட்கோர்னு ஒரு எண்ணும் கருவியே செய்யுறான். நான் 21 வருஷம் ராணுவ ஒர்க்‌ஷாப்ல இருந்தேன், பத்து ஆராங் ஊர்ல செஞ்ச ஸ்டேயர் ரைஃபிள்கள வரிசையா மேசையில போட்டு பார்த்தவன், அப்ப இப்படி ஒண்ணு கையில இருந்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

ஆனா உங்க பம்ப் கன் வருஷத்துக்கு எத்தன தடவ சுடுது? பயிற்சியில அஞ்சு, இல்லாட்டி பத்து. சில துப்பாக்கி ரெண்டு வருஷமா ஒரு தடவ கூட சுட்டிருக்காது. சுடாத துப்பாக்கிக்கு எண்ணிக்கைய வச்சு என்ன செய்யப் போறீங்க? இன்னொண்ணு, இத ஏஜென்ட் சொல்லவே மாட்டான்: நல்ல சென்சார் எண்ணுறதோட நிக்காது, துப்பாக்கி தானா பின்னால போயி தானா முன்னால வர்ற நேரத்தையும் அளக்கும், ஸ்பிரிங் தளர்ந்தா அந்த தாளம் மாறும், அதான் உண்மையான முன்னறிவிப்பு. பம்ப் கன்ல தாளமே கிடையாது, ஒவ்வொரு தடவையும் மனுஷன் கைதான் இழுத்துத் தள்ளுது. அங்க சென்சார் எத அளக்கும்? காவலுக்கு நிக்கிற ஜாகாவோட கை பலத்தையா?

உங்க ஊர்ல துப்பாக்கியக் கெடுக்குறது ஈரம் தம்பி. பினாங்குல காத்து ஈரம் முக்காவாசி நாள் 80 சதவீதத்துக்குக் கிட்ட நிக்குது, 60 தாண்டுனாலே இரும்புக்கு ஆபத்து. அதோட ஜாகா கை வேர்வை உப்பு, மழையில நனஞ்ச தோல்வாரு, கடல் காத்து. எல்லாம் சேந்து குழாய்க்குள்ள மெதுவா வேலை செய்யும்.

ஒரு தடவ ஒரு கம்பெனி ஆயுத அறைக்குப் போனேன், பேரு வேணாம். வெளிய பார்த்தா துப்பாக்கி பளபளன்னு இருக்கு, துணியால தொடச்சு வச்சிருக்காங்க. ஒண்ண எடுத்து காலியான்னு கண்ணாலயும் விரலாலயும் உறுதி பண்ணிட்டு, குழாய்க்குப் பின்பக்கம் வெள்ளைக் காகிதம் வச்சு டார்ச் அடிச்சுப் பார்க்குறேன், வெளிச்சமே வரல. குளவி மண்கூடு கட்டியிருக்கு. நம்ம வீட்டு சன்னல்ல கட்டுமே, அதே குளவி, அதே காஞ்ச மண்ணு. அத அப்படியே சுட்டிருந்தா குழாய் வெடிச்சு ஜாகா கை போயிருக்கும். அந்த துப்பாக்கியில சென்சார் இருந்திருந்தா என்ன காட்டியிருக்கும் சொல்லுங்க, சுட்டது பூஜ்யம், பச்ச லைட்டு, நல்லா இருக்குன்னு காட்டியிருக்கும்.

அதே அறையில இன்னொண்ணு. மாசக்கணக்கா மேகசின்லயே கெடந்த தோட்டாவ வெளிய எடுத்தேன், அஞ்சு. பிளாஸ்டிக் கூடு ஸ்பிரிங் அழுத்தத்துல நசுங்கி நடுவுல பிதுங்கி இருக்கு, விரலால தடவுனாலே தெரியுது. மூணு உள்ள போச்சு, நாலாவது பாதியில சிக்கிக்கிச்சு. அத விட மோசம், ஷிஃப்ட் முடிஞ்சதும் கிராக் கிராக்னு பம்ப் பண்ணியே தோட்டாவ வெளிய தள்ளுறாங்க, தெனம் ரெண்டு தடவ அதே தோட்டா. விளிம்பு தேஞ்சு போயிடும், அப்புறம் தோட்டாவ வெளிய இழுக்குற கொக்கி எதப் பிடிச்சு இழுக்கும்? தோட்டாவ தேதி எழுதி மாத்தி மாத்திப் போடுங்க, பம்ப் பண்ணாம மேகசின் வழியாவே எடுக்கக் கத்துக் குடுங்க.

இப்ப ஏஜென்ட் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு வயிறு எரியுற இடம் இதுதான். இவங்கள்ல நெறய பேரு துப்பாக்கியத் தொட்டதே கிடையாது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகள்ல மோட்டாரு, பம்ப்ல ஒட்டி அதிர்வு பார்ப்பாங்கல்ல, அங்க அது நல்ல சாமான், அத வாங்கி வெளிக்கூட்ட மாத்தி துப்பாக்கி சென்சார்னு விக்குறவன நானே ரெண்டு பேரப் பார்த்துட்டேன். உங்க ஆபீஸ்ல வந்து மேசையில ஒரு தட்டு தட்டி, பாருங்க எண்ணல, இது அறிவாளின்னு காட்டுவான். நீங்க மயங்காதீங்க. சென்சார அவன்கிட்ட சோதனைக்குன்னு கேட்டு வாங்கி பணம் ஏத்துற காடியோட தரையில டேப் போட்டு ஒட்டுங்க, துப்பாக்கியே வேணாம், பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டர், போயிட்டு வரச் சொல்லுங்க, கதவ நாலு தடவ ஓங்கி அடிச்சு மூடச் சொல்லுங்க. திரும்பி வந்ததும் எண்ணிக்கை பூஜ்யமா இருக்கணும். அப்புறம் இரும்புப் பெட்டிக்குள்ள வச்சுக் கதவ மூடி போன்ல தேடுங்க. இரும்புப் பெட்டி சிக்னல பெரும்பாலும் அடைச்சுடும், அப்ப அவன் என்ன சொல்வான் தெரியுமா, இன்னொரு பெட்டி வாங்குங்க, வயருக்கு சேஃப்ல ஒரு ஓட்டை போட்டுடலாம்பான். ஆயுதம் வைக்கிற சேஃப்ல ஓட்டை! அந்த வார்த்தை வந்தா வாசலக் காட்டிடுங்க.

கணக்கையும் போட்டுடுவோம். 17 துப்பாக்கிக்கு 7,650 வெள்ளி, மாச கட்டணம் வருஷத்துக்கு 5,100, மூணு வருஷத்துல 22,950 வெள்ளி. கட்டணத்த நிறுத்துனா ஆப் மூடிக்கும், உங்க கணக்கு அவன் சர்வர்ல மாட்டிக்கும். எந்த அறையில எத்தன துப்பாக்கி, எது எத்தன மணிக்கு வெளிய போகுதுன்னு எல்லாம் ஊரு பேரு தெரியாத சர்வர்ல இருக்குறது, எனக்கு நினைச்சாலே தூக்கம் வராது.

சரி, பிஸ்டல். உங்ககிட்ட மூணு இருக்குல்ல, பயிற்சிக்கு எத எடுத்துட்டுப் போறீங்கன்னு பாருங்க. எல்லா கம்பெனியிலயும் நடக்குறது ஒண்ணுதான், நல்லா ஓடுற ஒரே பிஸ்டலத்தான் எல்லாருக்கும் குடுப்பாங்க. 40 ஆளு, ஆளுக்கு 50 ரவுண்டு, வருஷத்துக்கு ரெண்டு தடவ, 4,000 ரவுண்டு ஆச்சு. மத்த ரெண்டும் நூறு கூட தாண்டியிருக்காது. பிஸ்டலோட ரீகாயில் ஸ்பிரிங்க, அதாவது சுட்டதும் பின்னால போற மேல்பாகத்த (ஸ்லைடு) திரும்ப முன்னால தள்ளுற ஸ்பிரிங்க, பொதுவா 3,000லேர்ந்து 5,000 ரவுண்டுக்குள்ள மாத்தச் சொல்வாங்க, மாடலுக்கு மாடல் மாறும், உங்க மாடல் புத்தகத்தப் பாருங்க. அப்ப அந்த ஒரு பிஸ்டல் ஒரே வருஷத்துல ஸ்பிரிங்கத் தின்னுடுது. தளர்ந்த ஸ்பிரிங்கோட சுட்டா ஸ்லைடு பின்னால போயி பலமா மோதும், நாளடைவுல பிஸ்டலோட சட்டம் (ஃபிரேம்) விரிசல் விடும், முன்னால வர்றப்ப முழுசா மூடாம நிக்கும். இந்த பிஸ்டல் தானா இயங்குறது, தாளம் இருக்கு, சென்சாருக்கு அளக்க விஷயம் இருக்கு. இதுக்கு ஒண்ணே ஒண்ணு வாங்கிக்கலாம், அதுவும் ஸ்லைடு நேரத்த அளக்குதா, வெறுமன எண்ணுதான்னு கேட்டுட்டு. வெறுமன எண்ணுறதுன்னா வேணாம், பயிற்சிக்கு வாங்குன பெலுரு (தோட்டா) ரசீதே உங்க கணக்குதான், நோட்டுல எழுதுனா முடிஞ்சுது. எழுதுற ஆளு இல்ல, பயிற்சி வாத்தியாரு மாறிக்கிட்டே இருக்காரு, பிஸ்டல் மூணு கிளைக்கும் சுத்துதுன்னா அப்ப சென்சார் சரி. ஆனா பொத்தான் பேட்டரிய தேதி எழுதி மாத்துங்க, நடுவுல பேட்டரி செத்தா அந்த நாள் சுட்டது கணக்குல வராது, தப்பான கணக்கு கணக்கே இல்லாதத விட ஆபத்து, ஏன்னா நீங்க அத நம்பி இருப்பீங்க.

லைசென்ஸ் கேட்டீங்க. வயர்லெஸ் சாமான்னா தொலைத்தொடர்ப கவனிக்கிற எம்சிஎம்சி ஆணையத்தோட லேபிள் இருக்கணும், சாமான சோதிச்சுப் பார்க்குற சிரிம் நிறுவனத்தோட சான்று கேளுங்க, இல்லாதத தொடாதீங்க. துப்பாக்கியில ஓட்டை போடுறது, பிடிக்குள்ள குடைஞ்சு வைக்கிறது, நம்பர மறைக்கிற மாதிரி ஒட்டுறது எதுவும் கூடாது, 1960 ஆயுதச் சட்டத்தோட விளையாடாதீங்க. வெளிய கழட்டி மாட்டுற மாதிரி இருந்தா கூட முன்னாடியே லைசென்ஸ் குடுத்த இடத்துக்கு எழுதிக் கேட்டு, பதில எழுத்துலயே வாங்கி வைங்க. 'போலீஸ் அப்ரூவ்ட்'னு ஏஜென்ட் வாயால சொல்றது செல்லாது, கடிதத்தக் காட்டச் சொல்லுங்க, அதுல எந்த மாடல்னு இருக்கான்னு படிங்க.

பதிலுக்கு மாசக்கணக்கா காத்திருக்க வேண்டி வரும், எனக்குத் தெரியும். நானும் ஒரு சின்ன கடிதத்துக்கு நாலு தடவ நடந்தவன், ஒவ்வொரு தடவையும் வேற ஃபாரம். வருஷா வருஷம் புதுப்பிக்கிறப்ப நம்பரப் பார்ப்பாங்க, தோட்டா கணக்கப் பார்ப்பாங்க, நல்லதுதான், ஆனா குழாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்த ஒரு ஆள நான் இன்னும் கண்டதில்ல. அந்த ஒரு பார்வைய ஃபாரத்துல ஒரு கட்டமா போட்டா எத்தன கை தப்பிக்கும்!

தவுக்கேகிட்ட இப்படிச் சொல்லுங்க. இருபது முப்பது வெள்ளிக்கு ஈரமானி கடையில கிடைக்கும், சேஃபுக்குள்ள ஒண்ணு வைங்க, 50க்குப் பக்கத்துல நிக்கணும். சிலிக்கா ஜெல் நிறம் மாறுனா மாத்துங்க. நல்ல எண்ணெய், குழாய் தொடைக்கிற கம்பி, ஒரு டார்ச், ஒரு நோட்டு. மிச்சப் பணத்துல லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர வருஷத்துக்கு ரெண்டு தடவ கூப்பிட்டு 17ஐயும் பிரிச்சுப் பார்க்கச் சொல்லலாம். ஆனா முதல்ல இந்த சனிக்கிழமையே, தோட்டாவெல்லாம் வேற அறைக்குப் போனதும், 14 குழாயையும் வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிச்சுப் பாருங்க. ஏதாவது அடைச்சிருந்தா குச்சி விட்டு நோண்டாதீங்க, சுட்டு வெளிய தள்ளலாம்னு யாராவது சொன்னா கேக்கவே கேக்காதீங்க, ஒரு சிவப்புத் துணி கட்டித் தனியா பூட்டிட்டு ரிப்பேர்காரருக்கு போன் பண்ணுங்க.