புதுச்சேரியிலிருந்து ஐரோப்பாவுக்கு மரச்சாமான் அனுப்புவோர், காடழிப்புத் தடைச் சட்டத்துக்கு எப்படித் தயாராவது?

இறக்குமதியாளர் மரம் வளர்ந்த இடத்தின் வரைபடப் புள்ளிகளைக் (அட்சரேகை, தீர்க்கரேகை) கேட்பதாகவும், சிட்டா நகலை அனுப்பினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் மரம், ரப்பர், காபி, கோகோ, சோயா, எண்ணெய்ப்பனை, மாடு ஆகிய ஏழுக்கும் பொருந்தும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்த சரக்கை அது ஏற்காது; உள்நாட்டுச் சட்டப்படி வெட்டப்பட்டதற்கான சான்றும் வேண்டும்.

சிட்டாவும் அடங்கலும் நிலம் யாருடையது, என்ன பயிர் என்பதைத்தான் சொல்லும். கேட்கப்படுவதோ, 11.912345, 79.712345 என்பதுபோல் ஆறு தசம இலக்கங்கள் கொண்ட அட்சரேகை, தீர்க்கரேகை. நான்கு ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ பத்து ஏக்கருக்கு, மேற்பட்ட தோப்பென்றால் கைப்பேசியுடன் வரப்போரம் நடந்து எல்லை முழுவதையும் பதிய வேண்டும்.

உண்மையான சிக்கல் மரவாடியில்தான் இருக்கிறது. பல தோப்புகளின் கட்டைகள் ஒரே அடுக்கில் கலந்துவிட்டால், ஒரு நாற்காலிக்கே அத்தனை தோப்புகளின் புள்ளிகளையும் கொடுக்க நேரிடும் என்பதால், லாரி இறங்கும்போதே கட்டையின் முனையில் தோப்பு எண்ணைப் பெயின்டால் எழுதிவிடுங்கள்.

இந்தியா குறைந்த ஆபத்துள்ள நாடாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால் இறக்குமதியாளருக்கு ஆபத்து மதிப்பீட்டு வேலை குறையுமே தவிர, புள்ளிகளைத் திரட்டும் வேலை உங்களுக்குக் குறையாது.